கல்வீடுகளுக்கு ஆள் வேண்டும்

சித்திரை பிறந்தால் எங்கள் பக்கத்துக் கடல் அடங்கிவிடும். அதிலிருந்து அடுத்த மாரி வரும்வரைக்கும் நிலாவெளிக் கரையிலும் உப்புவெளிக் கரையிலும் வெளிநாட்டாரும் கொழும்பாரும் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். புறாத்தீவுக்குப் படகேறுவார்கள். திமிங்கிலம் பார்க்கப் போவார்கள். கோணேசர் கோயிலுக்கு ஏறி, கோட்டைக்குள் திரியும் மான்களோடு படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். இரவில் படுப்பது கடற்கரை ஹோட்டலில். அந்த அறையைப் பெயர்த்துக்கொண்டுபோய்ப் பாசிக்குடாவில் வைத்தாலும் பெந்தோட்டையில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. திருகோணமலைக்கு வந்து போகிறவர்கள் ஏராளம். திருகோணமலை வீடு ஒன்றுக்குள் படுத்தெழும்பிப் போனவர்கள் மிகச் சிலர்.

துறைமுகத்தை அண்டிய லிங்கநகரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லும் தகரமும் அஸ்பெஸ்டஸ் சீற்றுமாக, கையில் காசு வந்த வந்த நேரத்தில் எழும்பியவை. பழசு பார்க்க வேண்டுமென்றால் நகரத்துக்குள் இறங்க வேண்டும். டைக் வீதியிலும் உட்துறைமுக வீதியிலும் அவற்றை ஒட்டிய ஒழுங்கைகளிலும் இன்னும் சில நிற்கின்றன. ஒரு முழத்துக்குக் குறையாத சுவர், உயர்ந்த கூரை, கள்ளிக்கோட்டை ஓடு, தெருவைப் பார்த்த விறாந்தை, உருண்டைத் தூண், கொளுக்கி போட்ட இரட்டை யன்னல். கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் மத்தியானம் தெருவில் நிற்க முடியாது. அந்த நேரத்தில் இப்படியொரு வீட்டின் விறாந்தையைத் தாண்டி உள்ளே கால் வைத்துப் பாருங்கள். சுவரில் முதுகைச் சாய்த்தால் குளிரும். வெளிப்பக்கம் பகல் முழுக்கக் குடித்த சூடு அந்தத் தடிப்பைக் கடந்து உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது பட்டுக் கடற்காற்று திரும்பிவிடும். மின்விசிறிகூட வேண்டாம்.

இந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்றில் முன்விறாந்தையை அடைத்துக் கடை போடுகிறார்கள். இன்னொன்றில் ஓட்டைக் கழற்றிக் கொங்கிறீட் தட்டுப் போடுகிறார்கள். மூன்றாவது வீடு ஒரு காலையில் இயந்திரம் வைத்து இடிபட்டு, மாலையில் கல்லுக் குவியலாகக் கிடக்கிறது. உரிமையாளரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் இருந்துகொண்டு பாரம்பரியம் பேச யாரால் முடியும்? அந்தக் கூரையைத் திருத்தக் காசு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் கண்டுபிடித்த ஊர்கள் உலகத்தில் இருக்கின்றன. பழைய வீட்டைத் திருத்தி, அதில் விருந்தினரைத் தங்கவைத்து, வரும் காசில் அடுத்த சுவரைத் திருத்துவது அவர்கள் கண்ட வழி. அந்தக் காசு இரண்டு பேருக்குப் போய்ச் சேர வேண்டும்: அந்தச் சுவரில் கைவைக்கத் தெரிந்த மேசனுக்கும், அந்த வீட்டுக்காரருக்கும். இருவரில் ஒருவரை விட்டுவிட்டுத் திருத்திய இடங்களில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அரைவாரக்காரர் விட்டுப்போன வீடுகள்

கல்வீட்டில் தங்குவதை நாட்டுத் தொழிலாகவே வளர்த்தவர்கள் இத்தாலியர்கள். அதன் அடியில் கிடப்பது வறுமை. டஸ்கனியிலும் உம்பிரியாவிலும் குன்றுகளின் மேல் நாம் இன்று படங்களில் பார்க்கும் அந்த அழகான கல்வீடுகளில் வாழ்ந்தவர்கள் அரைவாரக் குடியானவர்கள். நிலம் நிலக்காரனுடையது, உழைப்பு குடும்பத்தினுடையது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. கீழ்த்தளத்தில் மாடு கட்டியிருக்கும், மேலே மனிதர் படுப்பார்கள், குளிர்காலத்தில் மாட்டின் சூடு பலகையைத் தாண்டி மேலே ஏறும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நகரத்துத் தொழிற்சாலைகள் கூப்பிட்டன. இளையவர்கள் போனார்கள், பிறகு முழுக் குடும்பமும் போனது. 1964இல் புதிய அரைவார ஒப்பந்தங்களைச் சட்டமே நிறுத்தியது. வீடுகள் ஆயிரக்கணக்கில் வெறுமையாகின. கூரை விழுந்த வீட்டையும் அதைச் சுற்றிய ஒலிவ் மரங்களையும் ஆங்கிலேயரும் ஜேர்மானியரும் சொற்ப விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள்.

1985இல் இத்தாலியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பண்ணையில் விருந்தினரைத் தங்கவைப்பதற்கு, அங்கே 'அக்ரிதுரிஸ்மோ' என்று சொல்லப்படுவதற்கு, முதன்முதலாக நாடு முழுவதற்குமான விதிகளை வகுத்த சட்டம் அது. விருந்தினரை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் விவசாயியாக இருக்க வேண்டும். பண்ணையில் விவசாயம்தான் முதன்மையாக நடக்க வேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணையாகவே இருக்கலாம். நிலத்தில் ஏற்கனவே நிற்கும் கட்டடத்தைத்தான் அறைகளாக மாற்ற வேண்டும். அந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். வீட்டைக் காட்டிக் காசு சம்பாதிக்க வேண்டுமா, முதலில் ஒலிவ் பறி, திராட்சை பிழி, ஆடு மேய் என்று அது சொல்கிறது. வீட்டையும் அந்த வீடு எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்கள்.

இன்னொரு வழி நில அதிர்ச்சியிலிருந்து பிறந்தது. 1976 மே மாதம் வடகிழக்கு இத்தாலியின் பிரியூலிப் பகுதி குலுங்கியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். மலைக் கிராமங்களை மீளக் கட்டினார்கள், ஆனால் கட்டிய வீடுகளில் இருக்க ஆள் திரும்பவில்லை. அவற்றை என்ன செய்வது என்று யோசித்தவர்களில் ஒருவர் ஜான்கார்லோ டல்லாரா. எண்பதுகளில் அவர் வடிவம் கொடுத்த யோசனை எளிமையானது. ஹோட்டல் என்று தனியாக ஒரு கட்டடம் வேண்டாம், கிராமமே ஹோட்டலாக இருக்கட்டும். வரவேற்பு ஒரு வீட்டில், சாப்பாடு இன்னொரு வீட்டில், படுக்கும் அறைகள் நாலைந்து ஒழுங்கைகளில் சிதறி, இடையிடையே வழமையான குடும்பங்கள். விருந்தினர் காலையில் தேநீருக்குப் போகும் வழியில் ஊராருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கும். 'சிதறிய ஹோட்டல்' என்ற கருத்துப்பட இத்தாலியர் அதற்குப் பேரும் வைத்தார்கள். 1998இல் சார்தீனியா அதைச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது, மற்றப் பிரதேசங்களும் பின்தொடர்ந்தன. போரும் கடலும் குலைத்துப்போட்ட எங்கள் கரைக்கு இது மிகவும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது.

அந்த வழியில் வந்தவற்றில் பேர்போனது அப்ரூட்சோ மலையில் 1,250 மீற்றர் உயரத்தில் இருக்கும் சாந்தோ ஸ்தெபானோ தி செஸ்ஸானியோ. ஆட்டு ரோம வணிகத்தால் ஒருகாலத்தில் செழித்த ஊர், பிறகு நூற்றுச் சொச்சம் பேருக்குச் சுருங்கியது. தொண்ணூறுகளின் கடைசியில் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே போன தனியேலே கில்கிரென் என்பவர் அங்கே வீடுகளை வாங்கித் திருத்தத் தொடங்கினார். அடுப்புப் புகை படிந்து கறுத்த சுவரை வெள்ளையடிக்கவில்லை, கறுப்பாகவே விட்டார். மெத்தை, போர்வை, கட்டில் எல்லாம் அந்த மலையில் பழக்கத்தில் இருந்த மாதிரியே. ஊர்ச் சபையோடும் ஓர் இணக்கத்துக்கு வந்தார்: பழைய ஊரைச் சுற்றிப் புதுக் கட்டடம் எழும்பக் கூடாது.

2009 ஏப்ரல் 6 அதிகாலை லாக்குயிலாவை நில அதிர்ச்சி தாக்கியது. சாந்தோ ஸ்தெபானோவின் அடையாளமாக நின்ற இடைக்காலக் கோபுரம் பொடிப்பொடியாக விழுந்தது. அதன் உச்சியில் முந்திய திருத்த வேலையொன்றின்போது கொங்கிறீட் தட்டு ஒன்று வைத்திருந்தார்கள். அந்தத் தட்டின் பாரமும் விறைப்பும் கோபுரத்தை விழுத்திய காரணங்களில் முக்கியமானவையாகச் சொல்லப்பட்டன. கோபுரம் பிறகு மீளக் கட்டப்பட்டது. ஓட்டைக் கழற்றிவிட்டுக் கல்லுச் சுவரின் மேல் கொங்கிறீட் போடும் எங்கள் ஊர்ப் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோபுரம்தான் நினைவுக்கு வரும்.

தெற்கே பூலியாவில் இருக்கும் அல்பெரோபெல்லோவில் கூம்புக் கூரை வீடுகள் 1,500க்கு மேல் நிற்கின்றன. 'துருல்லி' என்று சொல்வார்கள். சாந்து கிடையாது. வயலில் பொறுக்கிய சுண்ணாம்புக் கல்லை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டே போய்க் கூம்பாக முடித்திருக்கிறார்கள். புதுக் குடியேற்றத்துக்கு நேப்பிள்ஸ் அரசருக்கு வரி கட்ட வேண்டும் என்பதால், அதிகாரி வரும் செய்தி கேட்டதும் பிரித்துப் போட்டுவிடக்கூடிய மாதிரி வீடு கட்டச் சொன்னாராம் அந்தப் பகுதியின் பிரபு. 1797இல் ஊர் பிரபுவின் பிடியிலிருந்து விடுபட்டது, 1996இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. இன்று அந்தக் கூம்புகளின் கீழ் படுக்க உலகம் முழுவதிலும் இருந்து வருகிறார்கள்.

சாந்தில்லாமல் கல் அடுக்குவது நமக்குப் புதிதல்ல. நெடுந்தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே வேலிக்குக் கிடுகும் இல்லை, முள்ளுக்கம்பியும் இல்லை. முருகைக்கல்லை அடுக்கி மதிலாக்கியிருக்கிறார்கள், தீவு முழுக்க. கல்லுக்குக் கல் காற்றுப் போக இடைவெளி இருப்பதால் எந்தக் காற்றும் அதைத் தள்ளி விழுத்துவதில்லை. 2018இல் யுனெஸ்கோ, சாந்தில்லாக் கல்லடுக்கும் கலையை இத்தாலி உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் பேரில் மனித குலத்தின் மரபுரிமையாக எழுதிக்கொண்டது. நெடுந்தீவு மதிலைக் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இத்தாலியை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டும் போக முடியாது. மத்தேராவில் பாறையைக் குடைந்த வீடுகளில் வாழ்ந்த ஏழைகளை 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வெளியேற்றியது. குழந்தைகள் மலேரியாவால் இறந்துகொண்டிருந்த இடம் என்பதால் அதற்கு நியாயமும் இருந்தது. ஏறக்குறைய 15,000 பேர் புதுக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். அதே குகைகள் 1993இல் உலக மரபுரிமையாகின, 2019இல் மத்தேரா ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராக இருந்தது. வெளியேற்றப்பட்டவர்களின் பாட்டன் படுத்த குகையில் இன்று ஓர் இரவு படுக்க, அவர்களில் பலருக்கு ஒரு மாதத்தில் மிஞ்சும் காசு போதாது. இடம்பெயர்ந்தவர்களின் மண்ணில் இருந்து எழுதுகிற எனக்கு இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஒரு யூரோவுக்கு வீடு விற்கும் சிசிலிய ஊர்களின் விளம்பரத்தையும் நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். வாங்குகிறவர் குறித்த காலத்துக்குள் பெருந்தொகை செலவழித்துத் திருத்த வேண்டும். திருத்திய பிறகு வருடத்தில் சில வாரம் மட்டும் யன்னல் திறந்தால் அந்த ஒழுங்கைக்கு என்ன உயிர் வந்துவிடும்?

சுண்ணாம்பு

திருத்துவது என்றால் என்ன? எங்கள் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான் இன்று: உதிர்ந்த இடத்தைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசி, மேலே பெயின்ற் அடிப்பது. ஆறு மாதத்துக்குப் பளபளப்பாக இருக்கும். அடுத்த மாரி முடிந்ததும் நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் பெயின்ற் கொப்பளிக்கும். விரல் மடக்கித் தட்டினால் 'டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும். அந்த இடத்தைச் சுரண்டினால் பின்னால் இருக்கும் கல் மாவாகிக் கொட்டும், மாவை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

நடப்பது இதுதான். பழைய சுவருக்கு ஈரத் தடுப்புப் படை கிடையாது. நிலத்து நீர் கல்லின் நுண்துளை வழியே மேலே ஏறும், கரையோரத்தில் உப்பையும் கூட்டிக்கொண்டு ஏறும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் சுவர் முழுக்கப் பரந்து வெளியே ஆவியாகிவிடும். உப்பு பூச்சின் மேல் பூத்து உதிரும், பூச்சுத்தான் கெடும், கல் தப்பும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை பூச்சை மாற்றினால் போதும். சீமெந்து அந்த வாசலை அடைத்துவிடுகிறது. ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்க, உப்பு கல்லுக்குள் பளிங்காகி வீங்கிக் கல்லையே உடைக்கிறது. "சுவர் ஈரம் கக்க இடம் விடவேணும் தம்பி" என்பார்கள் எங்கள் பக்கத்துப் பழைய மேசன்மார். வேதியியல் படித்தவர் சொல்லும் முழு விளக்கமும் அதற்குள் இருக்கிறது.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். கல்லையோ சிப்பியையோ 900 பாகை அளவில் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கும். அதைக் குழியில் போட்டுத் தண்ணீர் விட்டால் சீறிக் கொதிக்கும், பக்கத்தில் நிற்க முடியாது. கொதி அடங்கியபின் மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்க மூடிவைக்க வேண்டும். வாரங்கள் அல்ல, மாதங்கள். எவ்வளவு காலம் ஊறுகிறதோ அவ்வளவு வெண்ணெயாகும். எடுத்து மணலோடு சேர்த்துக் குழைத்துப் பூசும்போது அது மெதுவாகக் காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகும். ஒரு படை காய்ந்த பிறகுதான் அடுத்த படை. வெயில் சுட்டால் வெடிக்கும், ஆகவே ஈரச் சாக்குக் கட்டிக் காக்க வேண்டும். அவசரமாக வீடு முடிக்க வேண்டியவருக்கு இது சரிப்பட்டு வராது என்பது உண்மை. ஆனால் கல்வீட்டுக்கு வேறு மருந்து கிடையாது.

இந்த வேலை தெரிந்த கைகள் எங்கள் மாவட்டத்தில் அருகிவிட்டன. இருப்பவர்களுக்கும் வேலை கொடுப்பார் இல்லாததால் அவர்களும் சீமெந்துக்குப் போய்விட்டார்கள். மகனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. விருந்தினர் விடுதி இந்த இடத்தில்தான் உதவ முடியும். ஒரு குடும்பம் தன் வீட்டுச் சுவரை வாழ்நாளில் ஒன்றிரண்டு தடவைதான் பூசும். விருந்தினர் தங்கும் பழைய வீடுகள் பத்து ஒரு நகரத்தில் இருந்தால், வருடம் முழுக்க ஏதாவது ஒரு சுவரில் சுண்ணாம்பு வேலை நடந்துகொண்டே இருக்கும். இரண்டு மேசன் குடும்பங்கள் அதில் பிழைக்கும், கூடவே நாலு இளைஞர் பழகிக்கொள்வார்கள்.

காலியும் காரைக்குடியும்

கண்ணெதிரே இருக்கும் உதாரணம் காலி. அங்கே ஒல்லாந்தர் 1640இல் போர்த்துக்கேயரை விரட்டிவிட்டு, பிறகு கட்டிய மதிலுக்குள் ஒரு முழு நகரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர், தெருவை ஒட்டிய தூண் விறாந்தை, நடுவில் முற்றம், பின்னால் கிணறு. 1988இல் உலக மரபுரிமை. 2004 சுனாமியில் மதிலுக்கு வெளியே காலி நகரம் சின்னாபின்னமானபோது கோட்டைக்குள் இருந்த வீடுகளை அந்த மதில் காத்தது. அதற்குப் பின் ஒல்லாந்து அரசின் உதவியோடு தனியார் வீடுகள் பலவற்றின் முகப்புகள் திருத்தப்பட்டன. 1860களில் ஓரியண்டல் ஹோட்டலாகத் தொடங்கிய கட்டடம் இன்று 'அமங்கல்ல' ஹோட்டல். பழைய வணிகர் மாளிகையைத் திருத்திய காலி கோட்டை ஹோட்டலுக்கு 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. வேலை தரமானது, அதில் எனக்கு மறு பேச்சு இல்லை.

ஆனால் அந்தக் கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களில் பெரும்பகுதி முஸ்லிம் குடும்பங்கள். 2002இல் வெளிநாட்டார் காணி வாங்குவதற்கான நூறு வீத வரி நீங்கியதும் வீட்டு விலை ஏறியது. 2004இல் வரி திரும்பி வந்தது, 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டாருக்குக் காணி விற்பதையே பெருமளவுக்குத் தடுத்தது. அதற்குள் பல குடும்பங்கள் விற்றுவிட்டுக் கோட்டைக்கு வெளியே போயிருந்தன. அவர்களுக்கு நல்ல விலை கிடைத்தது, பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், அதைத் தவறென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இருந்தும் இரவில் அந்த ஒழுங்கைகளில் நடந்தால் விளக்கு எரியும் வீடுகளில் பெரும்பாலானவை கடை, உணவகம், விடுதி என்றே இருக்கின்றன. விற்காமல் வைத்துக்கொண்டு, முன்னறை இரண்டை விருந்தினருக்கு விட்டுப் பின்கட்டில் தாங்கள் இருக்கும் குடும்பங்களும் அங்கே உண்டு. காலையில் உம்மா சுடும் அப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே அந்த வீட்டின் நாலு தலைமுறைக் கதையைக் கேட்கலாம். என் கணக்கில் காலியின் சிறந்த விடுதிகள் அவைதான்.

கடலுக்கு அப்பால் செட்டிநாடு. பர்மாவிலும் மலாயாவிலும் நமது இலங்கையிலும் வட்டித் தொழில் செய்து சேர்த்த காசில் நகரத்தார் கட்டிய வீடுகள், 70க்கு மேற்பட்ட ஊர்களில். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகி எடுத்த சுண்ணாம்புச் சுவர். அந்தச் சுவரைக் கையால் தடவினால் பளிங்கு போலக் குளிரும், நூறு வருடத்துக்கு அப்புறமும். பொருளாதாரச் சரிவும் உலகப் போரும் அந்தத் தொழிலை முறித்தன. பங்காளிகள் பெருகினார்கள். ஒரே வீட்டுக்கு முப்பது நாற்பது பேர் உரிமை கொண்டாட, ஒரு ஓடு மாற்றுவதற்கும் எல்லோரும் சம்மதிக்க வேண்டியதாயிற்று. சம்மதம் வராத வீடுகள் இடிந்தன. அவற்றின் தூணும் நிலையும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு வந்தன.

அந்த இடத்தில்தான் காரைக்குடியில் 'பங்களா' என்ற விடுதி 1999இல் விருந்தினரை ஏற்கத் தொடங்கியது. பிறகு கானாடுகாத்தானில் விசாலம் வந்தது, ஒரு தகப்பன் மகளுக்காகக் கட்டிய வீடு. கோத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர் 'சாரதா விலாஸ்' வீட்டைத் திருத்தியதோடு நிற்காமல், செட்டிநாட்டு ஊர்களை ஆவணப்படுத்தும் வேலையிலும் இறங்கினார்கள். 2014இல் அந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. அங்கே என்னைக் கவர்ந்தது அறைகள் அல்ல. இந்த விடுதிகளுக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டியிருந்ததால் கல் வார்க்கும் பட்டறைகளுக்கு வேலை வந்தது. ஆச்சிமாரின் சமையலுக்கு மதிப்பு வந்தது. வீட்டோடு சேர்ந்து கை வேலையும் பிழைத்தது.

எங்கள் ஊரில்

திருகோணமலையில் திருத்தவே முடியாது என்று சொல்ல முடியாது. உட்துறைமுக வீதியில் ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளர் வீடு திருத்தப்பட்டுக் கடல்சார் அருங்காட்சியகமாகியிருக்கிறது. அதே வீதியில் இன்னொரு பழைய கட்டடம் கோப்பிக் கடையாகியிருக்கிறது. 1957 வரை ஆங்கிலேயக் கடற்படை இருந்த ஊர் இது. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட ஊர், 1964 மார்கழிச் சூறாவளி கூரைகளைப் பிய்த்தெறிந்த ஊர், சுனாமியும் முப்பது வருடப் போரும் கண்ட ஊர். இவ்வளவையும் தாண்டி ஒரு சுவர் நிற்கிறதென்றால் அதைக் கட்டியவன் கைக்கு நாம் மரியாதை செய்ய வேண்டும்.

எங்களுக்கென்று சில முட்டுக்கட்டைகள் உண்டு. முதலாவது பயம். 'பழைய' என்ற சொல்லை வாயில் எடுத்தால் தொல்பொருள் என்று பலகை நடப்பட்டு, காணி கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் எங்கள் சனத்திடம் ஆழமாக இருக்கிறது. கன்னியா வெந்நீரூற்றில் தொல்பொருளின் பேரில் நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்துத் தொல்லியலுக்கென்று அமைத்த சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. இந்த நிலையில் தன் பாட்டன் வீட்டின் வயதை வெளியே சொல்ல யார் துணிவார்கள்? வீட்டுக்காரரின் உரிமையை எழுத்தில் உறுதிப்படுத்திவிட்டுப் பிறகு உதவி செய்யும் ஏற்பாடு வேண்டும். காலியில் அரசும் வீட்டுக்காரரும் சேர்ந்து முகப்புகளைத் திருத்த முடிந்ததென்றால் இங்கேயும் முடிய வேண்டும்.

இரண்டாவது, காணி உறுதி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். அந்தப் பிள்ளை இன்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிறாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பாவுக்கு ஆணி அடிக்கவும் அதிகாரம் இல்லை. மாமி இறந்துபோய், அவவின் பிள்ளைகள் நாலு நாட்டில் இருந்தால் செட்டிநாட்டுச் சிக்கல்தான். இதற்குத் தீர்வு விற்பது அல்ல. பத்து அல்லது பதினைந்து வருடக் குத்தகைக்கு, ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கோ அயலவருக்கோ கொடுத்து, திருத்தும் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளும் ஒப்பந்தம் எழுதலாம். கோடைக்குப் பிள்ளைகளோடு வரும் அக்கா ஹோட்டலுக்குப் போகாமல் தன் தாய் பிறந்த அறையிலேயே படுப்பாள்.

மூன்றாவது, கல். பழைய சுவர்களில் முருகைக்கல் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பதைத் தடுக்கின்றன. தடுப்பது முற்றிலும் சரி. தென்கரையில் முருகைக்கல்லை அள்ளிய இடங்களில் சுனாமி கூடுதலாக உள்ளே புகுந்தது. ஆகவே எங்களுக்கு இருக்கும் ஒரே கல் ஏற்கனவே சுவரில் இருந்த கல். இடிபடும் ஒவ்வொரு வீட்டின் கல்லையும் பள்ளம் நிரப்பக் கொட்டிவிடுகிறோம். நகரசபை ஒரு வெறுங்காணியை ஒதுக்கி அந்தக் கல்லையும் ஓட்டையும் மரத்தையும் சேர்த்துவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தொடங்குவதற்கு மாளிகை தேவையில்லை. ஒரே ஒழுங்கையில் நாலு வீடு போதும், இத்தாலிய மலைக் கிராமத்தில் செய்த மாதிரி. ஒரு வீட்டில் இரண்டு அறை, அடுத்ததில் ஓர் அறை, மூலை வீட்டில் சாப்பாடு. காலையில் பிட்டும் மீன் சொதியும், மத்தியானம் கணவாய்க் கறி. மேல்மாடி கட்ட வேண்டாம், ஏசி வைக்க வேண்டாம். குளியலறையை மட்டும் சுவரை உடைக்காமல் முற்றத்துப் பக்கமாகத் தனியே கட்டலாம், தண்ணீர்க் குழாயைப் பழைய சுவருக்குள் புதைக்காமல் வெளியே விடலாம். முதலில் கூரை, அதிலும் முதலில் பீலி. ஒழுகும் பீலியின் கீழ் எந்தச் சுண்ணாம்பும் நிற்காது.

காலமும் கணக்காக அமைகிறது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை எங்களுக்கு மழை, பூச்சு வேலை செய்ய முடியாது. ஆனி ஆடிக் கச்சான் சுண்ணாம்பை மளமளவென்று காயவைத்து வெடிக்கச் செய்யும். தை பிறந்து மழை விட்டபின் பங்குனி முடியும்வரை கிடைக்கும் இரண்டரை மாதம்தான் சுவருக்கு ஏற்ற காலம். சித்திரையில் விருந்தினர் வரத் தொடங்கும்போது அறை தயாராக இருக்கும். தையில் குழைப்பதற்கு நன்றாக ஊறிய சுண்ணாம்பு வேண்டுமென்றால், குழி வெட்டி நீற்றி மூடிவைக்க இந்தப் புரட்டாதிதான் நேரம்.